பாசிக்குப் பத்திரிகை வைக்கவில்லை

தண்ணீருக்குள் வாழும் உயிர்கள் ஒன்றுக்கொன்று விட்டுக்கொள்ளும் ரசாயனச் செய்திகளைப் பேச்சாகவும், நம் பேச்சை அந்தச் செய்திகளாகவும் மாற்றித் தரும் கருவியை முதலில் வாங்கியவர்கள் இறால் பண்ணைக்காரர்கள். இறால் செத்து மிதந்த பிறகு தெரிந்துகொள்வதைவிட, வயிறு சரியில்லை என்று அது முனகும்போதே தெரிந்துகொள்வது மேல். வீட்டுத் தொட்டிகளுக்கான சிறிய கருவி 2041 ஜூன் மாதம் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தது. சோப்புப் பெட்டி அளவு. தொட்டிக்குள் ஒரு வயர், வெளியே ஒரு ஸ்பீக்கர்.

டெல்ஃபின் டீச்சர் அதை வாங்கியது ஒரே ஒரு கேள்வி கேட்பதற்காக. ஏன் இப்படி மெலிஞ்சுக்கிட்டே போற?

பதில் சொல்ல வேண்டியவன் மைனர். விரல் நீள மாண்டரின் மீன். நீலத்தில் ஆரஞ்சு வளைவுகளும் பச்சைப் புள்ளிகளுமாக, பட்டுச்சட்டை போட்டுக்கொண்டு வேலைவெட்டி இல்லாமல் திரிகிற ஆள் போலிருந்ததால் டீச்சரின் கணவர் இன்னாசிமுத்து வைத்த பெயர் அது. ஹாலில் நான்கடி நீளக் கடல்தண்ணீர்த் தொட்டி, அதற்குள் பாறைகள், பண்ணையில் வளர்த்து வாங்கிய பவளங்கள் ஏழு, அவற்றுக்கு நடுவே மைனர். கடைத் தீனியை வாயில் வாங்கி, ருசி பார்த்து, துப்பிவிடுவான். உயிரோடு துள்ளுகிற கோபிபாட் பூச்சி மட்டுமே இறங்கும். உற்றுப் பார்த்தால் வெள்ளைப் புள்ளியாகத் தெரிகிற பூச்சி அது.

ஆகவே டீச்சரின் சமையலறை ஜன்னலில் ஆறு வருடமாக நான்கு தண்ணீர் கேன்கள் இருந்தன. ஒன்றில் கீரைச்சாறு நிறத்தில் பச்சைத்தண்ணீர். அது பூச்சிகளுக்குச் சாப்பாடு. மற்ற மூன்றிலும் பூச்சிகள், காற்றுக்குமிழி மெதுவாக ஓட. ஒவ்வொரு சனிக்கிழமையும் மெல்லிய சல்லடையில் வடித்துத் தொட்டிக்குள் விடுவார். ஒரு வடிக்கு இரண்டாயிரம் தேறும். பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறவர் என்பதால் கணக்கில் தவறு இருக்காது.

இருந்தும் ஏப்ரலில் இருந்து மைனர் இளைத்துக்கொண்டு வந்தான். மேலிருந்து பார்த்தால் தலை மட்டும் அகலமாக, உடம்பு ஆணி மாதிரி. அதே ஏப்ரலில்தான் பாறைகளில் இரண்டு இடத்தில் முடிப்பாசி தலைகாட்டியது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

கருவியைப் பொருத்த வந்தவர் ஐகோர்ட்டுத்துரை. நாற்பத்தைந்து வயது, இறால் பண்ணைகளில் பதினைந்து வருட அனுபவம்.

"பத்து நாள் நீங்க பேசுறத இது கேக்கும் டீச்சர். பேச்சு பழகுனதுக்கு அப்புறம்தான் வாயத் திறக்கும். அதனால வீட்டுல கொஞ்சம் மரியாதையாப் பேசிக்கிடுங்க. வேம்பாரு பக்கம் ஒரு பண்ணையில புருசன் பொண்டாட்டி சண்ட. அங்க இப்ப இறால் பூராவும் கெட்ட வார்த்தைதான்."

பதினோராம் நாள் மாலை ஆறரைக்கு ஸ்பீக்கர் கரகரத்தது.

"எல்லாரும் சௌக்கியமா இருக்கியளா?"

ஆண் குரலும் இல்லை, பெண் குரலும் இல்லை. கோயிலில் ஜெபமாலை சொல்லும்போது வருவதுபோல, பல பேர் சேர்ந்த குரல்.

டீச்சர் தொட்டிக் கண்ணாடி அருகே ஓடினார். "மைனரு, நீயாப்பா?"

"இல்ல டீச்சர். நாங்க இந்தப் பாறைல இருக்கோம். பச்சையா."

இங்கே இன்னாசிமுத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். தரைக்கு நாற்பது மீட்டர் மேலே கண்ணாடிக் கூண்டில் எட்டு மணி நேரம் தனியாக உட்கார்ந்து நிலக்கரி அள்ளுகிறவர். கீழே இறங்கி வீட்டுக்கு வந்தால் யாரிடமாவது பேசியாக வேண்டும். டீச்சரோ அந்த நேரம் விடைத்தாள் திருத்துவார். ஆகவே, தன் வீட்டு ஹாலில் ஒரு புதுக்குரல் சௌக்கியம் விசாரித்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வாங்க வாங்க. சாப்ட்டியளா?"

"இன்னும் இல்ல அண்ணாச்சி."

'இன்னும் இல்ல' என்று ஒருவர் சொல்லி, அவரை அப்படியே விட்ட வரலாறு இன்னாசிமுத்துவின் குடும்பத்தில் கிடையாது. அலமாரியில் மைனர் துப்பிய தீனி டப்பா முக்கால்வாசி அப்படியே இருந்தது. அதில் இரண்டு கரண்டி அள்ளித் தொட்டியில் போட்டார்.

"என்னங்க பண்ணுதிய?" என்றார் டீச்சர். "சாப்ட்டியளான்னு கேக்கது ஒரு இதுக்குத்தான். ஆச்சுன்னு அவங்க சொல்லணும். அதான முறை?"

"அது அவங்களுக்குத் தெரியலியே. தெரியாம உண்மையச் சொல்லிட்டாங்க. அதுக்காகப் பட்டினி போடவா முடியும்?"

"ரொம்ப நல்லாருந்துது," என்றது பாசி.

மறுநாளும் கேட்டார். மறுநாளும் இல்லை என்றது. பாசிக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. இன்னாசிமுத்துவுக்குக் கேட்காமல் இருக்கத் தெரியவில்லை.

மூன்று வாரத்தில் பாறைகள் மறைந்துவிட்டன. ஐகோர்ட்டுத்துரை வந்து தண்ணீரைக் குப்பியில் எடுத்துச் சொட்டுமருந்து விட்டுப் பார்த்தார். குப்பி மைநீலமாக மாறியது.

"பாஸ்பேட்டு ஏகத்துக்கு நிக்கி. தீனி கரைஞ்சா பாஸ்பேட்டு. பவளத்துக்கு அது விஷம், பாசிக்குப் பிரியாணி. யாரு போடுறது இவ்வளவு?"

டீச்சர் கணவரைப் பார்த்தார். கணவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"நான் வாங்குனது மைனர்கிட்ட பேசதுக்கு. அவன் ஏன் பேச மாட்டேங்கான்?"

"தொட்டியில யாரு எடை கூடவோ அவங்க குரல்தான் மேல வரும் டீச்சர். பவளம் கணக்குல இல்ல, அது வாயே திறக்காது. மைனரு மூணு கிராம். பாசி இப்ப ஒண்ணரைக் கிலோ. அவன் தொண்ட கிழியக் கத்துனாலும் நமக்குக் கேக்காது."

"சரி, அவன் ஏன் மெலியுதான்? வாரம் ரெண்டாயிரம் பூச்சி விடுதேனே?"

ஐகோர்ட்டுத்துரை பதில் சொல்லுமுன் பாசி சொன்னது.

"சனிக்கிழமை வார சின்னப் பிள்ளைகளத்தான கேக்குதிய? எல்லாம் எங்ககிட்ட பத்திரமா இருக்கு. கவலையே படாதிய. இந்தப் பட்டுச்சட்டக்காரரு இருக்காரே, அவரு பிள்ளைகளப் பாக்குற பார்வ சரியில்ல. நாங்கதான் உள்ள இழுத்து மூடி வச்சிருக்கோம்."

மைனர் பச்சைக் கம்பளத்தின் மேல் தன் சிறிய வாயைக் குத்திக் குத்திப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை.

அடுத்த நாள் டீச்சர் பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டு, பழைய டூத்பிரஷ்ஷும் வாளியுமாக ஸ்டூலில் ஏறினார். கையைத் தண்ணீருக்குள் விட்டதும் குரல் வந்தது.

"மெல்ல ஏறுங்க டீச்சர். முட்டி வலின்னு நேத்து சொன்னியளே, தைலம் போட்டியளா?"

டீச்சர் டூத்பிரஷ்ஷை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அவருடைய முட்டியைப் பற்றி அந்த வீட்டில் கடைசியாக யார் கேட்டது என்று அவருக்கே நினைவில்லை. "போட்டேன்," என்று சொல்லி இறங்கிவிட்டார்.

கையால் முடியாததை வேறு வழியில் முயன்றார். மூன்று நாள் விளக்கை அணைத்து, தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடினார். வெளிச்சம் இல்லாவிட்டால் பாசி சாகும் என்பது பாடப்புத்தகத்தில் உள்ளது. "கரண்ட் இல்லியா? பரவால்ல, உங்களுக்குத்தான் சிரமம்," என்றது பாசி. அதன் பெருந்தன்மை தாங்காமல் இன்னாசிமுத்து இரண்டாம் நாளே துணியைத் தூக்கி டார்ச் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாசி தின்னும் நத்தைகள் இருபது ஐகோர்ட்டுத்துரையிடமிருந்து கடனாக வந்தன. அவை பாறைக்குப் போய் ஒருநாள் இருந்துவிட்டு, கண்ணாடியின் மேல் மூலைக்கு ஏறி அங்கேயே நின்றுவிட்டன. பாசி அவற்றிடம் என்ன சொன்னது என்று தெரியவில்லை. திருப்பிக் கொடுக்கும்போது நத்தைகள் டீச்சரைப் பார்த்த விதம் நன்றாக இல்லை.

"உங்க ஊர்ல எல்லாரும் தேடுவாங்கள்ல?" என்று ஒருநாள் டீச்சர் சாடையாகக் கேட்டார்.

"யாரு தேடப்போறா டீச்சர். எங்க ஆளுக எல்லாரும் இங்க வந்தாச்சு."

ஜூலை கடைசியில் மைனர் பாறையடியில் படுக்கத் தொடங்கினான். டீச்சர் கடைசி முயற்சியாக மூன்று கேன்களையும் ஒட்டுமொத்தமாக வடித்துத் தொட்டியில் கொட்டினார். "அடேயப்பா, எத்தன பிள்ளைக," என்று பாசி மகிழ்ந்தது. எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டது.

டீச்சரால் முடியாதது அதற்கு அடுத்த ஞாயிறு இன்னாசிமுத்துவால் தற்செயலாக நடந்தது. அவருடைய தங்கை மகள் ஜெனோவாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் என்ற முறையில் பத்திரிகை வைக்கும் பொறுப்பு அவருடையது. ஹாலில் தொட்டிக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்து, யாரும் விட்டுப்போகக் கூடாது என்று பெயர்ப் பட்டியலைச் சத்தமாக வாசித்தார். டீச்சர் கவர்களில் எழுதினார். நூற்றுப் பன்னிரண்டு குடும்பம். வாசித்து முடிக்க ஒன்றரை மணி நேரம்.

அன்று மாலை வழக்கம்போல, "சாப்ட்டியளா?" என்றார்.

பதில் இல்லை. மறுபடி கேட்டார்.

"எங்களுக்கு வேண்டாம்," என்றது பாசி.

இன்னாசிமுத்து கரண்டியோடு திகைத்தார். "ஏன், உடம்புக்கு முடியலியா?"

"உடம்புக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. மரியாதையிலதான் கொற."

"அப்படி என்ன கொற வச்சுட்டோம்?"

"நூத்திப் பன்னெண்டு பேரு வாசிச்சிய அண்ணாச்சி. பால்காரர் பேரு வந்துச்சு. போன வருசம் வாடகை தராம ஓடிப்போனவன் பேரு வந்துச்சு. செத்துப்போனவர் பேரு கூட ரெண்டு தடவ வந்துச்சு, அப்புறம் அடிச்சிய. கடைசி வரைக்கும் நாங்க கேட்டுக்கிட்டேதான் இருந்தோம்."

இன்னாசிமுத்துவுக்கு வியர்த்துவிட்டது. "அட, வீட்டு ஆளுகளுக்கு யாராவது பத்திரிகை வைப்பாங்களா? நீங்க வந்து முன்ன நின்னு நடத்தணும்னுல்லா..."

"பேச்சுக்குச் சொல்லுதிய."

அவர் மேலே சொல்ல வாயெடுத்தபோது டீச்சர் அவர் காலை மிதித்தார். அந்த ஊரில் விருந்தாளியிடம் யாரும் 'போ' என்று சொல்வதில்லை. கோபித்து எழுந்தவரிடம் 'இருங்க' என்று சொல்லாமல் இருந்தால் போதும். டீச்சர் விடைத்தாள் கட்டை எடுத்துப் பிரித்து, சிவப்புப் பேனாவைத் திறந்தார். பாசி கொஞ்ச நேரம் காத்திருந்தது. டீச்சர் முதல் தாளுக்கு மதிப்பெண் போட்டார்.

விடியும்போது பாறைகள் பளிச்சென்று இருந்தன. ஒன்றரைக் கிலோ பாசியும் பிடியை விட்டு, பச்சைச் சால்வை போல மிதந்து, தண்ணீர் வழிந்து இறங்கும் குழாய் வழியாக ஸ்டாண்டுக்கு அடியில் இருக்கும் சிறிய தொட்டிக்குப் போய்விட்டது. தண்ணீர் வடிகட்டப்பட்டு மோட்டாரில் மறுபடி மேலே ஏறும் தொட்டி அது. ஒரு சின்ன விளக்கு உண்டு. தனிக்குடித்தனம் என்றால் அதுதான்.

டீச்சருக்கு எட்டு வயது குறைந்ததுபோல் இருந்தது. பவளங்கள் விரிந்தன. பாசி இறங்கிவிட்டதால், வாங்கிய நாள் முதல் முதன்முறையாக ஸ்பீக்கரில் ஒரு மெல்லிய ஒற்றைக் குரல் வந்தது. டீச்சர் மண்டியிட்டுக் கண்ணாடியில் மூக்கை வைத்தார்.

"மைனரு, ஏம்ப்பா இப்படி மெலிஞ்சுக்கிட்டே போற?"

"பசிக்கி," என்றான் மைனர்.

பாறைகளில் ஒரு பூச்சிகூட இல்லை. கோபித்துக்கொண்டு போகிற உறவினர் பிள்ளைகளை விட்டுவிட்டா போவார்கள்? அத்தனையையும் பாசி கூட்டிக்கொண்டு போய்விட்டது.

ஐகோர்ட்டுத்துரை வந்து மைனரை நான்கு பக்கமும் பார்த்தார். "ஜன்னல் கேன்ல மறுபடி பெருக மூணு வாரம் ஆகும். கொச்சியில இருந்து வரவழைக்கப் பத்து நாள். இவன் அஞ்சு நாள் தாங்குனாப் பெரிசு."

"கீழ உள்ளதப் பிடுங்கி உலுக்குனா?"

"உலுக்குனாப் பாதி செத்துப்போகும். செத்தத இவன் தொட மாட்டான். அவங்களா மனசு வச்சு விடணும் டீச்சர். விட்டா மோட்டார் வழியா உயிரோட மேல வந்துரும்." கருவியின் வயரைக் கீழ்த்தொட்டிக்கு மாற்றிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டார். "சமாதானம் பேசுறது உங்க பொறுப்பு. எனக்கு அதுல சர்வீஸ் கிடையாது."

இன்னாசிமுத்து அன்று இரண்டு முறை கீழே குனிந்து சாப்ட்டியளா என்று கேட்டார். ஸ்பீக்கர் மூச்சுவிடவில்லை. மறுநாளும் இல்லை. மேலே மைனர் கண்ணாடி ஓரமாகச் சாய்ந்து நின்றான். நீந்துவதை நிறுத்தியிருந்தான்.

மூன்றாம் நாள் காலை டீச்சர் தட்டு எடுத்தார். வெற்றிலை, பாக்கு, நாலு வாழைப்பழம். மேலே பத்திரிகை. கவரில் என்ன எழுதுவது என்று யோசித்து, 'முடிப்பாசி குடும்பத்தார்' என்று எழுதினார். கல்யாணப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டார். இன்னாசிமுத்து வேட்டி மாற்றிக்கொண்டார். இருவரும் தட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஸ்டாண்டுக்கு முன்னால் தரையில் உட்காரப் போனார்கள்.

"டீச்சர் முட்டி போட வேண்டாம்," என்றது ஸ்பீக்கர். "வலிக்கும்."

இருந்தாலும் டீச்சர் முட்டி போட்டார். பத்திரிகையைப் பிரித்து, தேதி, கோயில், திருப்பலி நேரம், விருந்து நடக்கும் மண்டபம் எல்லாவற்றையும் வாசித்தார். "குடும்பத்தோட வந்திருந்து ஆசீர்வாதம் பண்ணணும். முதல்லயே வந்து சொல்லியிருக்கணும். எங்க தப்பு."

"எங்களால வர முடியுமா டீச்சர். வந்து சொன்னதே போதும். மனசு நெறஞ்சிருச்சு."

"அப்ப மேல வந்துருங்க," என்றார் இன்னாசிமுத்து. டீச்சரின் முழங்கை அவர் விலாவில் இறங்கியது.

"வேண்டாம் அண்ணாச்சி. இங்கயே வசதியாத்தான் இருக்கு. ஒட்டி இருந்தாச் சண்ட, எட்டி இருந்தா உறவு."

டீச்சர் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "பிள்ளைகள மட்டும் கொஞ்சம் மேல அனுப்பி வைங்க. வீடே வெறிச்சோடிக் கெடக்கு."

"அனுப்புறதுக்கு என்ன. இங்க எடமும் பத்தல. பேரம்பேத்தின்னு பெருகிப்போச்சு." பாசி தயங்கியது. "ஆனா அந்தப் பட்டுச்சட்டக்காரரு மேல இருக்காரே. இப்ப எப்படி?"

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். இருபத்தெட்டு வருட ஆசிரியப் பணியில், உங்க பொண்ணு படிக்கல, பொய் சொல்லுதா என்று பெற்றோர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். தாளாளரின் மகளுக்கு முப்பத்துநாலு மதிப்பெண் போட்டு, அதை முப்பத்தைந்தாக்க மறுத்தவர். கண்ணாடிக்குப் பின்னால் மைனர், தலை மட்டும் மிச்சமாக, வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

"அவன் இப்பத் திருந்திட்டான்," என்றார்.

"அப்படியா?"

"ரொம்ப நல்ல மாதிரி. பிள்ளைகளத் தொடவே மாட்டான்."

இன்னாசிமுத்து திரும்பி மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு வாழைப்பழத்தைப் பார்த்தார்.

"டீச்சர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்," என்றது பாசி.

கால்மணி நேரத்தில் மேல்தொட்டியின் குழாய் வாயிலிருந்து வெள்ளைப் புள்ளிகள் தூவிக்கொண்டு வந்தன. முதலில் ஒன்றிரண்டு, அப்புறம் சாரல் போல. மைனர் அசையவில்லை. ஒரு புள்ளி அவன் மூக்குக்கு முன்னால் துள்ளியது. வாயைக் குவித்துக் குத்தினான். இன்னொன்று. இன்னொன்று. டீச்சர் பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு பார்த்தார்.

ஆகஸ்ட் முடிவதற்குள் மைனருக்குத் தொப்பை போட்டுவிட்டது. ஐகோர்ட்டுத்துரை வந்து பார்த்துத் திருப்திப்பட்டார். புது மாடல் வந்திருப்பதாகவும், இரண்டு தொட்டிக்கும் இரண்டு வயர் போட்டால் மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் தங்களுக்குள் நேரடியாகப் பேசிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். பழைய வாடிக்கையாளர் என்பதால் டீச்சருக்கு இலவசம்.

"வேண்டாம்," என்றார் டீச்சர்.

"ஏன் டீச்சர், மைனர்கிட்ட பேசணும்னுதான வாங்குனிய?"

"பேசியாச்சு."

அன்று மாலை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது கீழே இருந்து குரல் வந்தது.

"டீச்சர், பிள்ளைக எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

"எங்களத் தேடலியா? திரும்பி வரணும்னு ஒண்ணு கூடச் சொல்லலியா?"

"சொல்லல," என்றார் டீச்சர், தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அவ்வளவு பிடிச்சுப்போச்சு போல," என்றது பாசி சந்தோஷமாக. "அப்ப நாளைக்கு இன்னும் ஒரு ஐந்நூறு பேர அனுப்பி வைக்கோம்."